விசில் வருகிற இடம்

குளத்தைச் செவ்வாய்க்கிழமை திருத்தியிருக்கிறார்கள் என்று திரை சொன்னது. இளஞ்சியம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளத்தைத் தூர் வாரலாம், கரை கட்டலாம், திருத்துவார்களா என்ன, அப்படியென்றால் இது குளத்தின் செவ்வாய்க்கிழமை இல்லை, குளத்தைப் பற்றி யாரோ எழுதிவைத்த பக்கத்தின் செவ்வாய்க்கிழமை, ஆகவே ‘பக்கம்’ என்கிற பொத்தான். அழுத்தினாள். அடுத்த வரி, ஆழம் பன்னிரண்டு அடி. அது குளத்துக்கு. ‘பொருள்’. அதற்கடுத்த வரி, அளவு பதினாலு கேபி. பக்கத்து நாற்காலியிலிருந்து அமலாக்கா எட்டிப் பார்த்து, “பதினாலு கேபி தண்ணியில ஒரு எருமை குளிக்குமாடி?” என்று கேட்டாள். இளஞ்சியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தமாய்ச் சிரிக்க அவளுக்கு வராது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜவுளிக்கடை மாடியில் இருக்கிற இந்த ஏசி அறைக்கு வர ஆரம்பித்து ரெண்டு மாசம் ஆகப்போகிறது, இன்னும் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதென்றால்கூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். எட்டாவதோடு நின்றவள். தமிழ் எழுத்துக்கூட்டாமல் வாசித்தால் போதும் என்று சொன்னதால்தான் வந்தாள். முதல் நாள் அவர்களுக்குத் தலைவியாய் இருக்கிற பெனாசிர் வேலையைச் சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. “நெட்டுல எல்லாத்துக்கும் ஒரு முகவரி உண்டு. யானைக்கு ஒரு முகவரி, யானையப் பத்தி எழுதின பக்கத்துக்கு ஒரு முகவரி. நீங்க யானையோட முகவரிய அடிச்சா யானையா வரும்? யானைய அனுப்ப முடியாது, அதப் பத்தி அந்தப் பக்கம் எழுதி வச்சிருக்கு, அங்க போய்ப் பாருன்னு கை காட்டிவிடும். ஆனா நிறைய பேரு ரெண்டுக்கும் ஒரே முகவரியப் போட்டு வச்சிட்டாங்க. படிக்கிற மெஷினுக்கு என்ன தெரியும், யானை போன வாரம்தான் பொறந்துச்சுன்னு நெனச்சுக்குது. எது யானையோடது, எது பக்கத்தோடதுன்னு பிரிச்சுக் குடுக்கறதுதான் நம்ம வேலை.” அமலாக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள், “வராம இருக்கறதே நல்லது மேடம், வந்தா கீபோர்டு மேல சாணி போட்டுரும்.” எல்லாரும் சிரித்தார்கள். பெனாசிரும் சிரித்தாள். யானையை அனுப்ப முடியாது என்பது மட்டும் இளஞ்சியத்தின் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது நேற்றுச் சாயந்திரம்தான் எழுந்து நின்றது.

நேற்றுச் சாயந்திரம் என்று நினைத்ததும் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம், வேலையைப் பார். மலை ஒன்று வந்தது, உயரம், பொருள். எழுதியவர் பெயர், பக்கம், மலையை யார் எழுதுவார்கள். நேற்று வீட்டுக்குள் நுழையும்போதே தன் குரல் தனக்கு முன்னால் வீட்டில் இருந்தது. அதுதான் முதல் இடி. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். அத்தை தூளி பக்கத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, இவளுடைய துவைக்காத நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தூளியை ஆட்டி, மறு கையில் இவள் வீட்டில் விட்டுப்போகிற போனைப் பிடித்திருந்தாள். நைட்டி, பால்புட்டிக்காக. அம்மா வாசனை இல்லாமல் பிள்ளை மகி புட்டியைத் தொடாது. நைட்டியை வாங்கியவளைவிட அதிகமாய் அத்தைதான் அந்தப் பூப்போட்ட நைட்டியைப் போட்டிருக்கிறாள் என்று புருஷன் கருணா லாரியிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் கிண்டல் செய்வான், “எங்கம்மாவப் பாத்து நீன்னு நெனச்சு ஒரு நாளு ஏமாறப் போறேன்” என்பான். போனில் இருக்கிற பாட்டும் அவன் யோசனைதான். வேலைக்குப் போகத் தொடங்கின வாரம் அடுப்படியில் நின்றுகொண்டு அவசரமாய்ப் பாடிக் கொடுத்தது. நேற்று கையைக் காலைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் அத்தை கையிலிருந்து போனை வாங்கி அணைத்துவிட்டுத் தானே பாடினாள். ஏழு மாதப் பிள்ளை இவள் முகத்தைப் பார்த்தது. பாட்டில் ஒரு இடம் வந்ததும் முகம் சுளித்தது. தலையைத் திருப்பிப் பாயில் கிடந்த போனைப் பார்த்தது. போனைப் பார்த்து அழுதது. இவள் எடுத்தாள், தோளில் போட்டாள், தட்டினாள், அழுகை நிற்கவில்லை. அத்தைதான் மெல்ல, “அத போட்டு வுடு, தூங்கிரும்” என்றாள். போட்டாள். தூங்கிவிட்டது. பெத்தவள் பக்கத்தில் நிற்கிறாள், பிள்ளை பக்கத்தைக் கேட்டுத் தூங்குகிறது.

“இளஞ்சியம், சாயந்திரம் சொல்லிடறியா?” பெனாசிர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. முழுநாள் விஷயம். இப்போது மதியத்துக்கு மேல் மட்டும் வருகிறாள். திங்கட்கிழமையிலிருந்து காலையிலேயே வந்துவிட முடியுமா என்று காலையில் போனில் கேட்டிருந்தாள். முடியாதென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள், அரைநாள் ஆட்களே இனி வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். “எனக்காகச் சொல்லல, நீ நல்லா பண்ற. பாப்பாவ நெனச்சுத்தான் யோசிக்கறேன்னு தெரியும். ஆனா நாளைக்கு நான் பேரு குடுத்தாகணும்” என்றாள் பெனாசிர். இளஞ்சியம் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் அத்தை என்ன சொன்னாள், “போயேண்டி, பாட்டுதான் இருக்கே, நைட்டி இருக்கு, நான் இருக்கேன், புள்ள பாட்டுக்குத் தூங்குது.” நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் குத்தியது. பாட்டு இருக்கிறது, நைட்டி இருக்கிறது. இன்னும் என்ன இருந்தால் நான் தேவையில்லை? முழுநாள் என்றால் விடியும்போது கிளம்பி விளக்கு வைக்கும்போது வருவது. பிள்ளை கண் திறந்திருக்கிற பொழுதெல்லாம் போனும் நைட்டியும்தான் அதற்கு அம்மா. அப்புறம் ஒருநாள் இவள் வந்து நிற்பாள், அது யாரோ என்று பார்க்கும். யாரோ என்று பார்க்கிற அந்தப் பார்வை எப்படியிருக்கும்? ஆறு வந்தது. நீளம், பொருள். மொழி தமிழ். ஆற்றுக்கு மொழி உண்டா, இல்லை, பக்கம். ஒரு பெண் வந்தாள், யாரோ வைத்தியம் பார்த்தவளாம், அவளுக்கும் கீழே மொழி தமிழ் என்றிருந்தது. இது யாருடைய தமிழ், அவள் பேசினதா, பக்கம் எழுதப்பட்டதா. இதற்கு ஒரு பதில் இல்லை என்று தோன்ற, தெரியவில்லை என்கிற சின்னப் பொத்தானை அழுத்தினாள். அதை அதிகம் அழுத்தக்கூடாது.

அப்போதுதான் அது அழுதது. ஒரு பச்சைப்பிள்ளை, இடது பக்கத்திலிருந்து, தொண்டை வறண்டு, விட்டு விட்டு. இளஞ்சியத்துக்கு நெஞ்சு இறுகி, சுரீரென்று ரெண்டு பக்கமும் ஊசி குத்தினாற்போல் இழுத்து, நினைப்பதற்குள் பால் இறங்கிவிட்டது. துப்பட்டாவை இழுத்து மூடினாள். சுடிதாரின் முன்பக்கம் வெதுவெதுவென்று நனைந்து, ஏசிக் காற்றில் உடனே சில்லென்று ஆனது. அமலாக்கா ஹெட்போன் வயரைப் பிடுங்கிக்கொண்டு திட்டினாள், “சனியன், கழண்டுபோச்சு. கேட்டியாடி, காலைலேர்ந்து எனக்கு இதான் வேலை. இது அழுவுற சத்தமா, பூனை கத்துற சத்தமான்னு பிரிக்கணுமாம்.” அப்புறம் இளஞ்சியத்தின் துப்பட்டாவைப் பார்த்தாள். மூன்று பிள்ளை பெற்றவள், கேட்க வேண்டியிருக்கவில்லை. தன் மேஜைக்கடியிலிருந்து ஒரு சால்வையை எடுத்து, “குளுருதுன்னு போத்திக்க. ஒருத்தரும் பாக்கல” என்று மட்டும் சொன்னாள். இளஞ்சியம் போர்த்திக்கொண்டாள். வெட்கமாய் இருந்தது, வெட்கத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளையோ. எப்போது அழுததோ. இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், இல்லை மீசை முளைத்திருக்கும், யார் கண்டது. அது அழுதது எப்போதோ ஓய்ந்துபோன அழுகை, பசி எப்போதோ தீர்ந்துபோன பசி. அதற்கு இவள் உடம்பு பால் சுரக்கிறது. பெனாசிர் படித்துப் படித்துச் சொல்லியும் மார்புக்குத் தெரியவில்லை, பக்கத்தைப் போய்ப் பொருள் என்று அழுத்திவிட்டது. அப்படியென்றால் மகியை என்ன சொல்ல. ஏழு மாதம். இருபத்திரண்டு வயசுக்காரி உடம்பே ஏமாறுகிறது. ஏமாறுவதுதானா அது, இல்லை, அழுகை கேட்டால் சுரப்பதற்கென்று இருக்கிற ஒன்று, எது அழுதால் என்ன என்று சுரந்துவிட்டுப் போகிறதா. நினைப்பு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது, கல்லில் முட்டின எறும்பு போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தது.

கல் என்றதும் அம்மா. அம்மாவின் மடியில் எப்போதும் கல் இருக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்தாள் அம்மா. மத்தியானம் திரும்பி வரும்போது முந்தானையில் முடிந்து எதையாவது கொண்டுவருவாள், நத்தை மாதிரி சுருண்ட கல், சிப்பி மாதிரி வரிவரியாய் இருக்கிற கல். இங்கே கடல் இருந்ததாம், இன்ஜினீயர் சொன்னாராம். அரியலூரில் கடல். செம்மண்ணும் சிமெண்டுப் புகையும் கருவேல முள்ளும் கிடக்கிற இடத்தில் கடல் இருந்தது என்றால் யார் நம்புவார்கள், அம்மா நம்பினாள். இளஞ்சியம் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “நத்தை செத்துப்போயிருச்சாம்மா?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது, பாவாடை கட்டின வயசு, முன்பல் இல்லை. அம்மா கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “இது நத்தை இல்லடி. நத்தை படுத்திருந்த எடம். அது எந்திருச்சுப் போயிருச்சு, எடம் அப்படியே கல்லாயிருச்சு.” அப்புறம் தம்பி தூளியில் சிணுங்கினான், அம்மா அவனை ஆட்டப் போய்விட்டாள். பாட்டு அம்மாவே கட்டினது, இவள் போனில் பாடிக் கொடுத்ததும் அதைத்தான். வேறு யாருக்கும் தெரியாது. கல்லுக்குள்ள நத்தை தூங்க, கடலு வந்து, என்று பாடுவாள். அங்கே நிறுத்துவாள். ஏனென்றால் மத்தியானத்தில் தம்பி தூங்குகிற நேரமும் சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரமும் ஒன்று. முதலில் சங்கு ஊதும், ஊர் முழுக்கக் கேட்கிற நீளமான சங்கு. அம்மா தூளிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிறகு தரைக்குள்ளிருந்து டம்மென்று ஒரு அதிர்வு வரும், அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், தூளி லேசாய்ச் சிலிர்க்கும். அப்புறம்தான் மிச்சம், தாலாட்ட என்று இறக்குவாள். தம்பிக்கு அந்த அதிர்ச்சி வராமல் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது, அன்றைக்கு அவன் படுத்துகிற பாடு. “வெடி வச்சாத்தான் தூங்குவான் எம்மவன், மந்திரியா வருவான்” என்று அம்மா சிரிப்பாள். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவில் இப்போதும் நன்றாய்த் தூங்குகிறானாம்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ள ஒரு போட்டோகூட இல்லை. பழைய ரேஷன் கார்டில் அப்பா பக்கத்தில் தபால்தலையளவு ஒரு கறுப்பு இருக்கிறது, அதில் மூக்குத்தி எது கண் எது என்று தெரியாது. குரல் எதிலும் இல்லை. அப்போது யார் பாட்டைப் பிடித்து வைத்தார்கள். அம்மாவுக்கு முகவரி இருந்தால், அதை இந்தத் திரையில் அடித்தால், எங்கே கை காட்டும்? எங்கும் காட்டாது. ஆனால் சங்கு ஊதினால் அம்மா வருகிறாள். இப்போதும், எங்கே எப்போது கேட்டாலும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதிதில் ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தூரத்தில் சங்கு கேட்டது, கை தானாய் எதையோ இறுக்கிப் பிடித்தது, பார்த்தால் சொம்பு. மூக்கில் அம்மாவின் வேர்வையும் சுண்ணாம்புத் தூளும் கலந்த வாசனை. அம்மாவின் முகத்தைக்கூட மறந்துவிட்டாள், அதை வெளியே சொன்னதில்லை, மறந்துவிட்டாள். ஆனால் சங்கு முடிந்து வெடிக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில், கயிற்றைப் பிடித்த கையும், இப்ப பாரு என்று பெரிதாகிற கண்ணும் முழுசாய் இருக்கின்றன. சங்கு அம்மா இல்லை. வெடி அம்மா இல்லை. நத்தை படுத்திருந்த இடம்.

மணி ஆகிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த வரிசையில் ஒரு தாலாட்டு இருந்தது, எந்த ஊருடையதோ. நீளம் ரெண்டு நிமிடம். மவுஸ் மேல் விரல் நின்றது. பொருளா, பக்கமா. பெனாசிரைக் கூப்பிடக் கூச்சமாய் இருந்தது, கூப்பிடாமலும் முடியவில்லை. பெனாசிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நல்ல கேள்வி. இதுல மூணு இருக்கு. பாட்டு ஒண்ணு, பாடிப் பதிஞ்சது ஒண்ணு, பதிஞ்சதப் பத்தி எழுதின பக்கம் ஒண்ணு. ரெண்டு நிமிஷம்கறது பதிவோட நீளம்” என்றாள். “அப்ப பாட்டோட நீளம்?” என்று கேட்டுவிட்டு இளஞ்சியம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “புள்ள தூங்குற வரைக்கும்னு எங்கம்மா சொல்லும்” என்று பெனாசிர் சிரித்தாள். அமலாக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சேர்ந்துகொண்டாள், “ஏ, உன் பாட்டுலதான் குக்கர் விசில் அடிக்குதே, அன்னிக்கு போன எடுத்தாந்து போட்டுக் காமிச்சியே. எம்மவன்கிட்ட குடு, விசில மட்டும் வெட்டி எடுத்துருவான். சுத்தமா ஆயிரும்.” ஆமாம், விசில். பாடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் குக்கர் விசில் அடித்துவிட்டது, அதற்குப் பின்னால் தூரத்தில் அத்தை “சிம்ல வையிடி” என்று சொல்வதும் கேட்கும். வெட்கத்தில் மறுபடி பாடவில்லை, அப்படியே விட்டாள். நேற்று மகி முகம் சுளித்தது எந்த இடத்தில்? கடலு வந்து, அங்கே. விசில் அடிக்கிற இடத்தில். இவள் குரலைப் பிள்ளைக்குப் பிடிக்காமல் இல்லை. விசில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெடி வராத தம்பி மாதிரி. அது போனைத் திரும்பிப் பார்த்தது, அம்மா எங்கே என்று இல்லை, விசில் எங்கே என்று. அப்படித்தானா? தனக்கு வேண்டியபடி நினைத்துக்கொள்கிறாளா? “வெட்ட வேண்டாங்க்கா” என்றாள். சொன்ன குரல் அறைக்கே கேட்டுவிட்டதோ என்று பயந்து குனிந்துகொண்டாள்.

பெனாசிரிடம் ராத்திரிக்குள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், அமலாக்காவின் சால்வைக்குள் நனைந்தது காய்ந்து மொறமொறவென்று ஆகியிருந்தது. சிமெண்டு லாரிகள் வரிசையாய் எதிரே வந்தன, கருணா இந்நேரம் எந்தச் செக்போஸ்டில் நிற்கிறானோ. போய்ப் பாடுவேன், அந்த இடத்தில் மறுபடி போனைப் பார்த்தால்? பார்த்தால் என்ன செய்வது. முடியாது என்று பெனாசிருக்குச் சொல்லிவிடுவது. சொல்லிவிட்டு வீட்டிலிருந்தால் மட்டும் பிள்ளை திரும்பிவிடுமா. விசிலை நாமே வாயால் ஊதிவிடலாமா, பெத்தவள் போனைப் பார்த்துக் காப்பியடிப்பதா, சீ. வாசலில் செருப்பைக் கழற்றும்போது காதைத் தீட்டிக்கொண்டாள். இன்றைக்கு உள்ளே பாட்டு இல்லை. சிணுங்கல்தான். அத்தை தோளில் பூப்போட்ட நைட்டியோடு, “வந்துட்டியா, புட்டிய எட்டி ஒதைக்குது ஒம்மவ, இந்தா” என்று போனைத் தேடிக்கொண்டிருந்தாள். “வேண்டாம் அத்தே. நான் பாடறேன்” என்றாள் இளஞ்சியம். அத்தை அடுப்படிக்குப் போனாள். தூளிச் சேலையை விலக்கிப் பார்த்தாள். மகி இவளைப் பார்த்தது. யாரோ என்றா, இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும். கயிற்றைப் பிடித்துப் பாடத் தொடங்கினாள், கல்லுக்குள்ள நத்தை தூங்க, கடலு வந்து, என்று வந்தபோது தானாக நின்றாள். நின்றபிறகுதான் தெரிந்தது, நேற்றும் நின்றிருக்கிறாள், போனிலும் நின்றிருக்கிறாள், எப்போதும் அங்கே நிற்கிறாள். சங்குக்காக அம்மா விட்ட இடம். குக்கர் வந்து அதில்தான் விசில் அடித்திருக்கிறது. கயிற்றைப் பிடித்த கை இறுகியிருந்தது, கண் பெரிதாகியிருந்தது. நேற்று இந்த இடத்தில் பயந்துபோய் அவசரமாய் அடுத்த சொல்லுக்குத் தாவினாள். இன்றைக்குத் தாவவில்லை. காத்திருந்தாள். மகியும் காத்திருந்தது. அதன் உதடு கோணியது, இதோ அழப்போகிறது, தலை திரும்பப்போகிறது, பாயில் கிடந்த போன் வெளிச்சமடித்துச் சிணுங்கியது, பெனாசிராய்த்தான் இருக்கும், பிள்ளை திரும்பவில்லை. இவள் முகத்தையே பார்த்தபடி, இவளுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்ததோ என்னவோ, உதட்டைக் குவித்து எச்சில் தெறிக்க புர்ர்ர் என்று நீளமாய் ஊதியது. ஊதிவிட்டு, சரி மேலே பாடு என்பது போல் வாயை மூடிக்கொண்டது. அடுப்படியிலிருந்து அத்தை பழக்கத்தில் “சிம்ல வையிடி” என்று குரல்கொடுத்தாள். இளஞ்சியத்துக்குப் பால் இறங்கியது. சால்வையைத் தள்ளிப் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, மீதிச் சொல்லைச் சத்தமாகவே பாடினாள்.